46 கிலோவில் தொடங்கிய செயின்சா: ஆண்ட்ரியாஸ் ஸ்டில் வாழ்க்கையும், விறகு அறுக்க நீங்கள் வாங்க வேண்டிய மெஷினும்

தோப்பில் காய்ந்து நிற்கும் மரங்களை விறகாக்க ஒரு செயின்சா வாங்கலாம் என்று கடைக்குப் போகிறீர்கள். கடைக்காரர் இரண்டு மெஷின்களை எடுத்து மேசையில் வைக்கிறார். ஒரே கம்பெனி, ஒரே நிறம், பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன. ஆனால் ஒன்றின் விலை மற்றதைப் போல இரண்டு மடங்கு, சில சமயம் அதற்கும் மேல். சின்னது வீட்டு உபயோகத்துக்கு, பெரியது தொழில்முறைக்கு என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விடுவார். பயிற்சி முகாம்களில் விவசாயிகள் எங்களிடம் கேட்காமல் விடாத கேள்வி இது: அப்படி உள்ளே என்னதான் வித்தியாசம்?

அதைப் புரிந்துகொள்ள, இந்த மெஷின் எப்படி வளர்ந்தது என்று தெரிந்தால் போதும். அந்த வளர்ச்சியில் பெரும்பங்கு ஆண்ட்ரியாஸ் ஸ்டில் என்ற ஒரு மனிதரின் வாழ்நாளுக்குள் அடங்கிவிடுகிறது. அவர் பெயரில் விற்கும் மெஷினைத்தான் வாங்குங்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. நல்ல செயின்சா செய்கிற கம்பெனிகள் பல உண்டு. ஆனால் இன்று உங்கள் கையில் வரும் எந்தக் கம்பெனி செயின்சாவிலும் அவர் காலத்து முடிவுகள் பல இருக்கின்றன.

ஸ்டில் 1896 நவம்பர் 10 அன்று சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பிறந்தார். வளர்ந்ததும் தொழில் செய்ததும் ஜெர்மனியில். முதல் உலகப்போர்க் காலத்து இளைஞர். ஐசனாக் நகரில் இயந்திரப் பொறியியல் படித்தார். 1926-ல் ஸ்டுட்கார்ட் நகரில் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். முதலில் அவர் செய்து விற்றது செயின்சா அல்ல, நீராவி பாய்லர்களுக்கான எரிப்பு அடுப்புகள்.

அப்போது காட்டில் மரம் சாய்ப்பது முழுக்க முழுக்க உடம்பு வேலை. ஆளுக்கு ஒரு பக்கம் நின்று இழுக்கும் நீண்ட ரம்பம், கோடரி, ஆப்பு. இவ்வளவுதான் கருவி. மில்லில் இயந்திரம் இருந்தது, ஆனால் மரம் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் அதற்கு வேலை. மரத்தை இயந்திரத்திடம் இழுத்துப் போவதற்குப் பதில் இயந்திரத்தையே மரத்திடம் கொண்டுபோனால் என்ன என்பதுதான் ஸ்டில்லின் எண்ணம். 1926-லேயே மின்சாரத்தில் ஓடும் ஒரு செயின்சாவைச் செய்தார். தூக்கிப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், காட்டுக்குள் மின்சாரம் கிடையாது. வெட்டிக் குவித்த கட்டைகளைத் துண்டு போடத்தான் அது உதவியது.

1929-ல் பெட்ரோலில் ஓடும் மரம் சாய்க்கும் மெஷின் வந்தது. 6 குதிரைத்திறன், எடை 46 கிலோ. ஒரு சிமென்ட் மூட்டையைவிட 4 கிலோதான் குறைவு. அதை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்துக்கொண்டு மலைச்சரிவில் ஏறி இறங்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். செயின்சாவின் தந்தை என்று ஸ்டில்லைப் பலர் எழுதுகிறார்கள். அது முழுக்கச் சரியல்ல. ஜெர்மனியிலேயே எமில் லெர்ப் என்பவர் 1927-ல் டோல்மார் என்ற மலையில் தன்னுடைய பெட்ரோல் செயின்சாவை ஓட்டிக் காட்டிவிட்டார். அந்த மலையின் பெயரே பிறகு கம்பெனியின் பெயரானது. வேறு நாடுகளிலும் முயற்சிகள் நடந்தன. ஸ்டில்லின் தனித்தன்மை கண்டுபிடித்ததில் அல்ல, கண்டுபிடித்ததை விடாமல் குறைத்துக்கொண்டே வந்ததில். எடையைக் குறைத்தார், ஆள் எண்ணிக்கையைக் குறைத்தார், நடுவில் நிற்கும் வேலையைக் குறைத்தார்.

1930-களில் மையவிலக்கு கிளட்சும், செயினுக்குத் தானாக ஆயில் போகும் ஏற்பாடும் அவர் மெஷின்களில் வந்தன. இரண்டும் இன்று எல்லா செயின்சாவிலும் உண்டு. இவை இரண்டையும் சோதிக்காமல் வேலையைத் தொடங்காதீர்கள். மெஷின் ஐடிலில் ஓடும்போது செயின் அசையாமல் நிற்க வேண்டும். ஆக்சிலேட்டரை அழுத்தி வேகம் ஏறிய பிறகுதான் கிளட்ச் பிடித்து செயின் சுற்ற வேண்டும். ஐடிலிலேயே செயின் ஊர்ந்தால் ஐடில் ஸ்க்ரூவைச் சரிசெய்யுங்கள், அப்படியும் நிற்காவிட்டால் கிளட்ச் ஸ்பிரிங் போய்விட்டது என்று பொருள். ஆயில் வருகிறதா என்று பார்க்க, பார் முனையை ஒரு வெளிர்நிறக் கட்டைக்கு மேலே தொடாமல் நீட்டி வேகத்தைக் கூட்டுங்கள். கட்டையில் மெல்லிய ஆயில் கோடு விழ வேண்டும். டிராக்டரில் வடித்த பழைய ஆயிலை இந்தத் தொட்டியில் ஊற்றுகிறவர்கள் நிறையப் பேர். அதில் உள்ள உலோகத் துகள் பம்பையும் பாரையும் அரித்துவிடும். பழைய ஆயிலில் மிச்சம் பிடித்த பணம், புது பார் வாங்கப் போய்விடும்.

ஸ்டில் வாழ்க்கையில் இருண்ட பகுதி ஒன்று உண்டு. ஹிட்லரின் நாஜிக் கட்சியிலும் எஸ்.எஸ். அமைப்பிலும் அவர் உறுப்பினராக இருந்தார். போர்க் காலத்தில் அவர் தொழிற்சாலை குண்டுவீச்சில் அழிந்தது. போர் முடிந்ததும் நேச நாடுகள் அவரைக் கைது செய்தன, 1948 வரை காவலில் இருந்தார். கம்பெனி விளம்பரங்களில் இந்தப் பக்கத்தை நீங்கள் பார்க்க முடியாது. ஒருவர் செய்த நல்ல மெஷினைப் பாராட்டுவதற்காக இதை விட்டுவிட வேண்டியதில்லை.

வெளியே வந்தபோது அவருக்கு 50 வயது கடந்துவிட்டது. ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் வைப்ளிங்கன் பகுதியில் தொழிற்சாலை மறுபடி எழுந்தது. உங்களில் டிராக்டர் பிரியர்களுக்கு ஒரு செய்தி: அந்த ஆண்டுகளில் அவர்கள் சிறு விவசாயிகளுக்காகக் காற்றால் குளிரும் டீசல் எஞ்சின் வைத்த சின்ன டிராக்டர்களும் செய்தார்கள். 1960-களின் தொடக்கத்தோடு அது நின்றுபோனது. நிலைத்தது செயின்சாதான்.

1950-ல் ஒரே ஆள் தூக்கிப் பிடித்து மரம் சாய்க்கக்கூடிய பெட்ரோல் செயின்சாவை அவர் கம்பெனி கொண்டுவந்தது. எடை 16 கிலோ. 1954-ல் வந்த அடுத்த மாடல் 11 கிலோ. 25 ஆண்டுகளில் 46-லிருந்து 11. இரண்டு ஆள் கூலி ஒரு ஆள் கூலியானது. ஒரே மெஷினை இரண்டு பேர் பிடிக்கும்போது ஒருவர் கவனம் சிதறினாலும் மற்றவருக்கு ஆபத்து, அதுவும் போனது.

ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் இன்னொரு முக்கியமான மாற்றம் நடந்தது. அதுவரை செயினில் இருந்த பற்கள் கை ரம்பத்தின் பற்களைப் போலவே நேராக இருந்தன, சீக்கிரம் மழுங்கின, தீட்டவும் நேரம் பிடித்தன. ஆரிகான் மாநிலத்தில் மரம் அறுத்துக்கொண்டிருந்த ஜோசப் காக்ஸ் என்பவர் 1946-ல், மரக்கட்டைக்குள் குடைந்து போகும் ஒரு வண்டின் புழுவைக் கவனித்தார். நம் மாந்தோப்புகளில் தண்டைத் துளைத்து மரத்தையே சாய்க்கும் மாமரத் தண்டுத் துளைப்பானின் அதே நீள்கொம்பு வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது அந்தப் புழு. நாம் மருந்து வைத்துக் கொல்லப் பார்க்கும் அந்த ஜாதிப் புழு, இரண்டு தாடையையும் மாற்றி மாற்றி இடமும் வலமுமாக வெட்டி, காய்ந்த கட்டையிலும் வழி செய்துகொள்கிறது. காக்ஸ் அதே மாதிரி இடது பக்கம் ஒரு பல், வலது பக்கம் ஒரு பல் என்று சி எழுத்து வடிவில் வளைந்த பற்களை வைத்துச் செயின் செய்தார். 1947-ல் விற்பனைக்கு வந்தது. இன்று நீங்கள் வாங்கும் செயின் பெரும்பாலும் அந்த வழியில் வந்ததுதான்.

வீட்டு மாடலோ தொழில்முறை மாடலோ, அறுப்பது மெஷின் அல்ல, இந்தப் பல்தான். 3 கிலோவாட் எஞ்சினில் மழுங்கிய செயினை மாட்டினால், 1.4 கிலோவாட் எஞ்சினில் கூர்மையான செயின் மாட்டியவர் உங்களை முந்திவிடுவார். கட்டையிலிருந்து சீவல் சீவலாக வந்தால் செயின் கூர்மை. மாவு மாதிரித் தூள் வந்தால் நிறுத்தித் தீட்டுங்கள். சின்ன மெஷின்களில் வரும் மெல்லிய செயினுக்கு 4 மில்லிமீட்டர் உருண்டை அரம், நடுத்தர மெஷின்களின் 0.325 அங்குலச் செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் அரம் பொதுவாகப் பொருந்தும். வாங்கும்போதே உங்கள் செயினுக்கு எந்த அரம் என்று கேட்டு, அதையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். சீமைக்கருவேல் கட்டையை மண்ணில் போட்டு அறுத்தால் ஒரே ஒரு தடவை செயின் மண்ணைத் தொட்டாலும் எல்லாப் பற்களும் மழுங்கிவிடும். கட்டைக்கு அடியில் ஒரு மரத்துண்டை முட்டுக் கொடுங்கள்.

ஸ்டில்லின் வாழ்நாளில் பெரிய திருப்பம் 1959-ல் வந்த கான்ட்ரா என்ற மாடல். அதற்கு முந்தைய மெஷின்கள் பலவற்றில் எஞ்சினுக்கும் செயினுக்கும் நடுவே ஒரு கியர்ப்பெட்டி இருந்தது. கான்ட்ராவில் அது இல்லை. எஞ்சின் தண்டு நேராகச் செயினைச் சுற்றியது. 6 குதிரைத்திறன், 12 கிலோ. 1929-ல் வந்த மெஷினுக்கும் அதே 6 குதிரைத்திறன்தான், ஆனால் அது 46 கிலோ. இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். 30 ஆண்டுகள் உழைத்தது திறனைக் கூட்ட அல்ல, அதே திறனைத் தூக்கிச் சுமக்கும் பாரத்தைக் குறைக்க.

தொழில்முறை செயின்சா என்று நாம் இன்று சொல்வது இந்தக் கான்ட்ரா வழி வந்த வம்சம். ஒரு உதாரணத்தைப் பாருங்கள். அவர் கம்பெனியின் இன்றைய வீட்டு உபயோக மாடல் ஒன்று 31.8 சிசி, சுமார் 1.4 கிலோவாட், ஏறத்தாழ 4 கிலோ. தொழில்முறை மாடல் ஒன்று 50.2 சிசி, சுமார் 3 கிலோவாட், ஏறத்தாழ 5 கிலோ. எடை ஒரு கிலோதான் கூடுகிறது, திறன் இரண்டு மடங்காகிறது. நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பாதிக்கு மேல் இந்த ஒரு கணக்குக்குத்தான்.

மீதிப் பணம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. தொழில்முறை மெஷினில் கிராங்க் தண்டைச் சுற்றியுள்ள பெட்டி மெக்னீசியக் கலவையில் வார்த்தது. சிலிண்டர் அதன்மேல் தனியாக போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். பிஸ்டன் தேய்ந்தால் மெக்கானிக் சில போல்ட்டுகளைக் கழற்றி மாற்றிவிடுவார். வீட்டு மாடல்கள் பலவற்றில் வெளிக்கூடு பிளாஸ்டிக், எஞ்சினே இரண்டு சிப்பி மூடி மாதிரி பேரிங்கைக் கவ்விப் பிடித்தபடி அதற்குள் உட்கார்ந்திருக்கும். பிஸ்டன் மாற்ற முழு எஞ்சினையும் வெளியே எடுக்க வேண்டும். கூலியும் உதிரிபாகமும் சேர்த்தால் புது மெஷின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். அதனால்தான் பல மெக்கானிக்குகள் சின்ன மெஷினைப் பிரிக்கவே தயங்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

எத்தனை மணி நேரம் உழைக்கும் என்று கேட்பீர்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை, கையில் பிடிக்கும் சின்ன எஞ்சின்களை 50 மணி, 125 மணி, 300 மணி என்று மூன்று வகையாகப் பிரித்திருக்கிறது. இது புகை அளவு விதிக்குள் நிற்க வேண்டிய காலம்தான், எஞ்சினின் ஆயுள் அல்ல. அந்த நேரம் முடிந்ததும் மெஷின் நின்றுவிடாது. ஆனாலும் தயாரிப்பாளர் அதை எந்த வகை உழைப்புக்காகச் செய்திருக்கிறார் என்பதற்கு நல்ல அடையாளம். வீட்டு உபயோகத்துக்கானது 50, நாள் முழுக்க உழைப்பதற்கானது 300. உங்கள் கணக்கை நீங்களே போடலாம். விறகு அறுக்கும் நாளில் கட்டையைப் புரட்டுவது, அடுக்குவது, டீ குடிப்பது போக, எஞ்சின் உண்மையில் அறுப்பது 2 மணி நேரம் இருக்கும். ஆண்டுக்கு 5 நாள் அறுத்தால் 10 மணி நேரம்.

அதனால் என் கருத்தை நேராகச் சொல்கிறேன். வீட்டு அடுப்புக்கும் வெந்நீருக்கும் விறகு, தோப்பில் விழுந்த மட்டையும் கிளையும், 8 அங்குலத்துக்கு உட்பட்ட கட்டைகள், ஆண்டுக்கு ஒரு வாரத்துக்குள் வேலை என்றால் 30 முதல் 35 சிசி வீட்டு மாடலே போதும். தொழில்முறை மெஷின் வாங்கி 11 மாதம் கொட்டகையில் தொங்கவிட்டால், பெட்ரோல் காய்ந்து கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். அந்த விஷயத்தில் விலை உயர்ந்த மெஷினுக்குச் சலுகை எதுவும் இல்லை. சவுக்கு, தைலமரம், சீமைக்கருவேல் என்று வெட்டி விற்கிறவர், கூலிக்கு மரம் அறுக்கப் போகிறவர், மாதத்தில் பல நாள் மெஷினைத் தொடுகிறவர் என்றால் வீட்டு மாடல் வாங்குவது வீண் செலவு. காய்ந்த கருவேல் கட்டையில் தொடர்ந்து ஓட்டும்போது சின்ன எஞ்சின் சூடேறி, ஃபில்டர் அடைத்து, ஒரு பருவத்துக்குள் பிஸ்டன் கீறிவிடும். இரண்டுக்கும் நடுவில் 45 முதல் 50 சிசி வரை பண்ணை மாடல்கள் என்று ஒரு வகை உண்டு. உடம்பு வீட்டு மாடல் மாதிரி, பலம் கொஞ்சம் கூடுதல். கடைகளில் அதிகம் பேசப்படாத இந்த வகைதான் உங்களில் பெரும்பாலோருக்குப் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம்.

பண்ணைக்காரர்களை ஸ்டில்லும் மறக்கவில்லை. 1960-களில் வந்த 08 என்ற மாடலில் செயின் பாரைக் கழற்றிவிட்டு, அதே எஞ்சினில் மண்ணில் குழி போடும் கருவியை மாட்டிக்கொள்ள வழி செய்திருந்தார்கள். வேலி போடும் விவசாயிக்கு ஒரே எஞ்சினில் இரண்டு வேலை.

அதே 1960-களில் இன்னொரு விஷயம் வெளியே தெரிய ஆரம்பித்தது. ஒரு ஆள் மெஷின் வந்தபின் மரம் வெட்டுகிறவர்கள் நாள் முழுக்க அதைப் பிடித்தார்கள். சில ஆண்டுகளில் குளிர்ந்த நாட்களில் அவர்கள் விரல்கள் வெளுத்து மரத்துப்போயின. அதிர்வு விரலின் ரத்த நாளங்களையும் நரம்புகளையும் கெடுத்துவிடுகிறது. முற்றினால் சட்டைப் பொத்தான் போடக்கூட விரல் வராது. எடை குறைந்ததன் விலை அது. கைப்பிடியை எஞ்சினிலிருந்து ரப்பர் வைத்துப் பிரிக்கும் ஏற்பாடு 1960-களின் நடுவில் அவர் மெஷின்களில் வந்தது. இன்று தொழில்முறை மாடல்களில் ஸ்பிரிங்கும் வைக்கிறார்கள். மலிவான மெஷின்களில் இந்த இடத்தில்தான் முதலில் கஞ்சத்தனம் செய்வார்கள். கடையில் ஓட்டிக் காட்டச் சொல்லி, ஒரு நிமிடம் நீங்களே கையில் பிடித்துப் பாருங்கள்.

பாரின் முனையின் மேல்பகுதி கட்டையில் பட்டால் மெஷின் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எகிறும். அப்போது செயினை நிறுத்தும் பிரேக் 1970-களின் தொடக்கத்தில்தான் செயின்சாக்களில் வந்தது. முன்கைப்பிடிக்கு முன்னால் நிற்கும் அந்தத் தடுப்பு அழகுக்கு அல்ல. பழைய மெஷின் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது என்றால், அதில் பிரேக் இருக்கிறதா, தட்டினால் செயின் உடனே நிற்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். வீட்டு மாடலின் செயின் தொழில்முறைச் செயினைவிடச் சின்னதுதான், ஆனால் தொடையை அறுக்க அது தாராளம். வேட்டி, லுங்கி, தோளில் துண்டு எதுவும் வேண்டாம். கால்சட்டை, மூடிய செருப்பு, கண்ணாடி, காதடைப்பு வேண்டும்.

ஆண்ட்ரியாஸ் ஸ்டில் 1973 ஜனவரி 14 அன்று காலமானார். அதற்குள் அவர் பெயர் தாங்கிய மெஷின் உலகில் அதிகம் விற்கும் செயின்சா ஆகிவிட்டது. நிறுவனத்தை மூத்த மகன் ஹான்ஸ் பீட்டர் ஏற்றுக்கொண்டார். அதே ஆண்டு அக்டோபரில் உலகை உலுக்கிய எண்ணெய் நெருக்கடி வந்தது. குளிர்நாடுகளில் எண்ணெயில் வீட்டைச் சூடாக்கியவர்கள் மறுபடி விறகுக்குத் திரும்பினார்கள். அதுவரை செயின்சாவைத் தொட்டே பார்க்காத லட்சக்கணக்கானவர்கள் கடைக்கு வந்தார்கள். சின்ன, மலிவான வீட்டு மாடல்களுக்குச் சந்தை பெருகியது அந்த ஆண்டுகளில்தான். வாழ்நாள் முழுக்கக் காட்டுத் தொழிலாளிக்காக மெஷின் செய்தவர் அந்தக் கூட்டத்தைப் பார்க்கவில்லை.

சர்வீஸ் செய்யத் தெரிந்த டீலர் மூலமாகவே விற்பது என்பது அவர் கம்பெனியின் நெடுநாள் வழக்கம். நீங்கள் எந்தக் கம்பெனி வாங்கினாலும் இதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். கடையில் செயின், பார், ஸ்ப்ராக்கெட், ஏர் ஃபில்டர், கார்புரேட்டர் டயாஃபிரம் இருப்பில் உள்ளதா என்று கேளுங்கள். டயாஃபிரம் இல்லை, ஆர்டர் போட்டு வரவழைக்க வேண்டும் என்றால், அறுவடைக்கு நடுவில் மெஷின் நிற்கும்போதும் அதே பதில்தான் வரும். இணையத்தில் பெயர் தெரியாத மெஷின்கள் 58 சிசி, 62 சிசி என்று பெரிய எண்ணைப் போட்டு வீட்டு மாடல் விலைக்கும் கீழே விற்கின்றன. சிசி பெரிதாக இருப்பதால் அது தொழில்முறை மெஷின் ஆகிவிடாது.

வீட்டுக்குக் கொண்டுவந்தபின் பெட்ரோல் கலவையில் கவனம். நல்ல 2டி ஆயில் என்றால் பெரும்பாலும் லிட்டருக்கு 20 மில்லி, ஆனால் உங்கள் மெஷினின் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், எனவே ஒரு மாதத்துக்கு மேல் கலவையை வைத்திருக்க வேண்டாம். பருவம் முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, மெஷின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு, பிறகு உறை போட்டு மாட்டுங்கள்.